டேனி தனியாகப் போன நாள்

பர்மாவில், போட்டாதாங் தமிழ்ச் சபையில் டேனி அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய வேனில் ஏறாதவரும் கிடையாது. ஞானஸ்நானத்துக்குப் போன குழந்தை, ஏர்போர்ட்டுக்குப் போன மாப்பிள்ளை, கல்லறைக்குப் போன பெரியவர் என்று பதினாறு வருஷமாக எல்லோரும் அந்தப் பழைய ஜப்பான் வேனில்தான் போனார்கள். கடைசியில் சொன்னவர் மட்டும் திரும்பி வரவில்லை. மற்ற எல்லோரையும் டேனிதான் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் ஆகாதவன் என்றால் சும்மா இருப்பவன் என்று சபையில் ஓர் எண்ணம் உண்டு. சும்மா இருப்பவனைக் கூப்பிடுவதில் என்ன தப்பு? அதனால் காலையில் பல் விளக்கும் முன்னால் போன் அடிக்கும். செவ்வாயும் வெள்ளியும் பாடகர் குழுத் தலைவி தங்கம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அம்மாளுக்குச் சிறுநீரகம் பழுது. வாய் மட்டும் இன்னும் புத்தம்புதிதாக இருக்கிறது, போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் மூன்றாம் மாடியில் தங்கை ஏஞ்சலாவின் குடும்பம். அங்கே டேனிக்குச் சொந்தமாக இருந்தது ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலில் துணி காயும்.

மின்சாரம் வருகிற நான்கு மணி நேரத்தில் அவர் போனில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பார். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் வேனுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு தன்னந்தனியாக மலைக்குப் போகிறான். காப்பி போடுகிறான். அருவியைப் பார்க்கிறான். ஓடையில் தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நாற்பது நிமிஷம் அவனிடம் ஒருவரும் பேசுவதில்லை! மீன் மாட்டியதா இல்லையா என்பதை டேனி கவனித்ததே இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்.

அந்த ஆசை முற்றிப்போய்த்தான் பின் சீட்டுகளைக் கழற்றி மடக்குக் கட்டில் போட்டார். ஒரு சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், இரண்டு தூண்டில் கோல். ஏஞ்சலா ரோஜாப்பூ போட்ட திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கிறவளா அவள்! பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் காலை நின்று டாங்கை நிரப்பினார். பர்மியர்கள் சாமி கும்பிடப் போகிற சைத்தியோ மலைக்குப் போவது, ஏதாவது ஓடைக்கரையில் உட்காருவது, அன்று மாலையே திரும்புவது. ராத்திரி தங்க முடியாது. எங்கே படுத்தாலும் அங்கே வார்டு ஆபீசில் பெயர் கொடுக்க வேண்டும். ஓடைக்கரைக்கு எந்த வார்டு என்று யாரைப் போய்க் கேட்பது? ஒரு பகல் போதும் என்று முடிவு செய்தார். ஒரே ஒரு பகல்.

"தனியாவா?" என்றாள் ஏஞ்சலா.

"தனியாத்தான்."

"யாரோட?"

டேனி மறுபடியும் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவை அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கு என்னவோ வியாதி, டாக்டர் நாள் குறித்துவிட்டார், அதை மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். தேவராஜ் பாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். பாஸ்டர் வந்து டேனியின் கையைப் பிடித்துக்கொண்டு பாவ அறிக்கை ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு பயண ஜெபம் வைத்துவிடலாம் என்றார்.

மார்ச் மாதத்து வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. தெருவில் நாற்பது பேர். தனியாகப் போகிற மனிதனை வழியனுப்ப வந்திருந்தார்கள். பாஸ்டர் வேனின் பானெட்டில் கை வைத்து இருபத்தைந்து நிமிஷம் ஜெபித்தார். டயர் நான்கையும், பிரேக்கையும், மலையின் வளைவுகளையும், ஓடையின் மீன்களையும் ஒவ்வொன்றாகக் கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுத்தார். முடிந்ததும் ஏஞ்சலா ஒரு பெரிய கூடையைக் கட்டில் மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"சாப்பாடுண்ணே. புளிச்சோறு, முட்டை, கருவாட்டுத் தொக்கு. கொஞ்சமாத்தான் வச்சேன்."

கொஞ்சம் என்றால் எட்டுப் பொட்டலம், எட்டு முட்டை. இது ஏஞ்சலாவின் குற்றமில்லை. ஒருவனுக்கு மட்டும் சோறு கட்டிக் கொடுப்பது அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. வழியில் யாராவது வருவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டியிருக்கும், அப்போது கையில் இல்லை என்றால் எவ்வளவு கேவலம்! அப்படியே பழகிவிட்ட கை. டேனி வாதாடாமல் கூடையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நகரம் முடிந்து, வயல் வந்து, காதில் காற்று மட்டும் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. ரோட்டைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார்.

வழியில் பெகு ஊருக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். காவலுக்கு நின்றவன் சின்ன வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். பர்மியில் மாமா என்பதற்குரிய சொல்லால்தான் கூப்பிட்டான்.

"ஊலே, எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

அவன் பின்கதவைத் திறந்து கூடையைப் பார்த்தான். எண்ணினான்.

"எட்டு முட்டை இருக்கே."

"தங்கச்சி வச்சது."

"மத்த ஏழு பேர் எங்க?"

"யாரும் இல்ல தம்பி. நான் தனியா மலைக்குப் போறேன். மீன் பிடிக்க."

உண்மையைச் சொன்னால் நம்ப வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். ரோஜாப்பூத் திரையை விலக்கிப் பார்த்தான். தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்தான். அதற்குள் ஆள் உட்கார முடியாது என்று தெரிந்தும் மூடியைத் திறந்து பார்த்தான். பிறகு தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தான். அவர் டேனியின் அடையாள அட்டையைப் பார்த்தார், தூண்டில் கோலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"மீன் வேணும்னா பசுண்டான் மார்க்கெட்டுல இல்லையா?"

"இருக்கு சார்."

"குடும்பத்தோட சாமி கும்பிடப் போனா விடலாம். பத்துப் பேர் கும்பலா போனாலும் புரியும். ஒரு ஆளு தனியா, எட்டுப் பேர் சோத்தோட, மலைக்கு எதுக்குப் போவான்? நீங்களே சொல்லுங்க."

டேனி யோசித்துப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஐம்பத்தெட்டு வருஷத்துப் பதில் அவரிடம் இருந்தது. பர்மியில் அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"திரும்பிப் போங்க ஊலே. யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, விடறேன்," என்றார் அதிகாரி, அன்பாகத்தான்.

வண்டியைத் திருப்பும்போது மணி ஏழரை. வீட்டுக்குப் போக அவருக்கு மனமில்லை. நாற்பது பேர் ஜெபித்து அனுப்பிய ஆள் ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் அது ஜெபத்துக்கே அவமானம். பாஸ்டர் வருத்தப்படுவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வந்ததுதான் வந்தாய், மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா என்பாள் ஏஞ்சலா. பத்து மணிக்கு யாராவது போன் செய்வார்கள். அவ்வளவுதான், அந்த நாளும் மற்ற நாள்தான். இன்னொரு நாள் கேட்க அவருக்கு இனிமேல் வாய் வராது.

நகர ஓரத்தில், இன்சீனுக்குப் பின்பக்கம் போகிற ஒரு மண் ரோட்டில் பர்மிய எழுத்தில் ஒரு பலகையைப் பார்த்தார். மீன் பிடிக்கலாம், மலைக்காட்சி உண்டு. இன்சீனில் மலையா? தரை தோசைக்கல் மாதிரி இருக்கும் ஊர் அது. இருந்தாலும் ஸ்டீயரிங் தானாகவே திரும்பியது.

சாதிக் பாட்சா என்பவரின் குளம் அது. கட்டணம் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம். குளத்தின் அந்தப் பக்கம் முப்பது அடி உயரத்தில் ஒரு மலை நின்றது. சிமென்ட் மலை. பச்சைப் பெயின்ட். நடுவில் மோட்டார் வைத்த அருவி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிமென்ட் மான், தண்ணீர் குடிக்கப் போவது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"அருவி கரண்டு இருக்கறவரைதாண்ணே," என்றார் பாட்சா. "பத்து மணிக்குப் போயிடும். அப்புறம் மூணு மணிக்குத்தான் கொட்டும். ஜெனரேட்டர் போட்டா கட்டுப்படி ஆகாது."

"பரவாயில்ல பாய்."

"இன்னொண்ணு. இங்க யாரும் யாரோடயும் பேசமாட்டாங்க. பேசணும்னா வாசல்ல டீக்கடை இருக்கு."

டேனி அவரையே பார்த்தார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கரையைச் சுற்றிப் பார்த்தால் ஆறேழு ஆண்கள், ஆளுக்கொரு குடையின் கீழ், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு நிறைய ஆள் உள்ளவர்கள் என்று உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிந்தது. டேனி வேனை மரத்தடியில் நிறுத்தி, காப்பி போட்டு, அருவியைப் பார்த்துக் குடித்தார். தூண்டிலைப் போட்டார். நாற்பது நிமிஷம் போயிற்று. ஒருவரும் பேசவில்லை. இன்னொரு நாற்பது நிமிஷம் போயிற்று. பத்து மணிக்கு அருவி நின்றது. அதுவும் நல்லதற்குத்தான், சத்தம் இன்னும் குறைந்தது. அந்தக் காலைப்பொழுதில் டேனி சந்தோஷமாக இருந்தார். சுற்றி வளைப்பானேன், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

மதியம் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்ற ஏழையும் எடுத்துக்கொண்டு குடைகுடையாகப் போய் வைத்தார். ஒவ்வொருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. எவ்வளவு பண்பான மனிதர்கள்!

சாப்பிட்டுவிட்டு வேன் கட்டிலில் படுத்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. போன் அடிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தார். சிக்னல் நன்றாக இருந்தது. அழைப்பு ஒன்றும் இல்லை. சரி, மலையில் சிக்னல் இருக்காது என்று நினைத்திருப்பார்கள். அரை மணி கழித்து மறுபடி பார்த்தார். மூன்று மணிக்குள் ஏழு தடவை பார்த்துவிட்டார். சபையில் ஒருவருக்குக்கூடவா இன்று எங்கும் போக வேண்டியிருக்கவில்லை? ஒருவருக்குக்கூடவா டேனி உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தோன்றவில்லை? பதினாறு வருஷம் தாங்கு தாங்கென்று தாங்கியிருக்கிறார். ஒரு நாள் இல்லை என்றதும் அப்படியே மறந்துவிட்டார்களே! யாரும் கூப்பிடக் கூடாது என்று வந்த மனிதருக்கு யாரும் கூப்பிடவில்லை என்று மனத்தாங்கல் வந்தது. இப்படி ஒரு பிறவி.

மூன்று மணிக்கு அருவி மறுபடி கொட்டியது. டேனி எழுந்து போய் அதைப் போட்டோ எடுத்தார். மான் தெரிந்தது. அது படாமல் இன்னொரு கோணத்தில் எடுத்தார். தண்ணீர், பாறை, பச்சை. நன்றாகவே வந்திருந்தது. சபையின் வைபர் குழுவில் போட்டு, 'மலையில் சமாதானம்' என்று எழுதினார். கூப்பிடு தொலைவில்தான் இருக்கிறேன், மறந்துவிடாதீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவருக்கே அது அப்போது தெரியாது.

பதில் உடனே வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒருவர் 'ஆமென்' என்றார். பிறகு வரிசையாகக் கூப்பிய கைப் படங்கள். கடைசியாகத் தங்கம்மாள் எழுதினார்: 'குளிருதா தம்பி?'

நெற்றி வியர்வை போன் திரையில் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு 'ரொம்ப' என்று எழுதினார் டேனி.

சாயங்காலம் மூன்று திலாப்பியா மீனோடு வீட்டுக்கு வந்தார். ஏஞ்சலா குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது, "மலை மீனும் நம்ம ஊரு மீன் மாதிரியேதான் இருக்குண்ணே," என்றாள். மலையிலும் திலாப்பியா உண்டு என்றார் டேனி. அவள் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வியாதி நினைப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. பயணம் போய் நல்லபடியாகத் திரும்பியவர் எழுந்து நின்று கர்த்தர் நடத்தின விதத்தைச் சொல்லியாக வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். ஜெபித்து அனுப்பியவர்களுக்குக் கணக்கு ஒப்பிப்பது மாதிரி. பாஸ்டர் டேனியைப் பார்த்துத் தலையசைத்தார். போனேன், வந்தேன், ஸ்தோத்திரம் என்று முடித்துவிடுவதாகத்தான் டேனி எழுந்தார். நாற்பது முகங்களும் அவ்வளவு ஆசையாக அவரைப் பார்த்தன. கொஞ்சம் சொன்னால் என்ன?

"ஆண்டவர் என்னைய மலைக்கு நடத்தினார்," என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

இதுவரை பொய் இல்லை. ஆனால் ஸ்தோத்திரம் சொல்லும் கூட்டத்தின் முன்னால் நிற்கும் மனிதனின் நாக்கு அவன் சொன்னபடி கேட்காது. பனி வந்தது. முழங்கால் ஆழ ஓடை வந்தது. ஓடைக்கு மேலே ஒரு வளைவு, வளைவுக்கு மேலே மேகம். விரல் விறைத்துப்போய்த் தூண்டிலைப் பிடிக்க முடியவில்லை. அப்போது ஒரு மான் வந்தது.

"பத்தடி தூரத்துல நின்னுச்சு. என்னையே பாத்துச்சு. நான் எழுந்து கிட்டப் போனேன். அது கொஞ்சங்கூட அசையல!"

பாடகர் குழுவில் யாரோ இருமினார்கள். அது தொற்றிக்கொண்டு நான்கு வரிசைக்குப் போயிற்று. மார்ச் மாதத்தில் இவ்வளவு பேருக்கு எப்படிச் சளி பிடித்தது என்று யோசித்துக்கொண்டே டேனி உட்கார்ந்தார்.

பிறகு செயலாளர் ஸ்டீவன் அறிவிப்புகளைப் படித்தார். புதன்கிழமை வேதபாடம், வெள்ளிக்கிழமை உபவாசம். அடுத்த தாளை எடுத்தார். "வரும் மாதம் முதல் சனிக்கிழமை, டேனி அண்ணனோட அடுத்த தனிப் பயணம், மலைக்கு. கூடப் போக இதுவரைக்கும் இருபத்தாறு பேர் பேரு குடுத்திருக்காங்க. வயசானவங்க வேன்ல. மத்தவங்க வட்ட ரயில் ஏறி இன்சீன்ல இறங்கிக்கலாம்."

டேனிக்குக் காது அடைத்துவிட்டது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஹன்னா என்கிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். போன வருஷம் அவளுடைய கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளையோடு அந்த அருவி முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டாளாம். மான் மேல் கைகூட வைத்திருக்கிறாளாம். அந்தப் படம் சபையில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்த வீடுகளுக்கெல்லாம் டேனி வாசல்வரைதான் போயிருக்கிறார்.

முதலில் வெட்கம் வந்தது. அது சீக்கிரம் போய்விட்டது. பிறகு கோபம் வந்தது, நிஜமான கோபம். ஒரு பகல் கேட்டார். மலை இல்லை என்றாகி, ஒரு சிமென்ட் மேட்டையாவது பிடித்துக்கொண்டார். அதற்கும் இருபத்தாறு பேர் டிக்கெட் எடுக்கிறார்கள். டேனி எழுந்து நின்றார். சாட்சி நேரம் முடிந்துவிட்டது, இருந்தாலும் நின்றார்.

"பொய் சொன்னேன். மன்னிச்சிக்கிருங்க. பெகுவுலயே திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க யார் மேலயும் எனக்கு வருத்தமில்ல. களைப்பா இருக்கு. அவ்வளவுதான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாரும் என்னையக் கூப்பிடாம இருக்கணும்னுதான் போனேன். அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டியதில்ல."

தங்கம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தெரியும் தம்பி. அதான் அன்னிக்கு ஒருத்தரும் போன் போடல. பாஸ்டர் முந்தின நாளே சொல்லிட்டாரு. எனக்கு அன்னிக்கு மத்தியானம் மூச்சு வாங்கிருச்சு. ஏஞ்சலா உனக்குத்தான் போன் எடுத்தா. நான் புடுங்கி வச்சிட்டேன். டாக்ஸி புடிச்சுத்தான் போனோம். ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் உன் போட்டோவப் பாத்தேன்."

டேனியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளிருகிறதா என்று கேட்டதும் அந்தக் கட்டிலிலிருந்துதான்.

"போனது போகட்டும்," என்றார் தங்கம்மாள். "பொம்மை மலைக்கு முன்னால நீ ஒண்டியா உக்காந்திருக்கறத நெனச்சா எங்களுக்குச் சோறு எறங்கல. அதான் பேர் குடுத்தோம். ஆனா உன்னையத் தொந்தரவு பண்ணமாட்டோம்ப்பா. நீ தனியாவே இரு. நாங்க அந்தப் பக்கத்துக் கரையில உக்காந்துக்கறோம். ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

டேனி வாயைத் திறந்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் திறந்தார். அந்த அம்மாள் இன்னும் பெஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"வேன் எத்தனை மணிக்கு எடுக்கணும்?" என்றார்.

அவ்வளவுதான். பேசமாட்டோம் அண்ணே, வாயே திறக்கமாட்டோம், சத்தியமா ஒரு வார்த்தை பேசமாட்டோம் என்று இருபத்தாறு பேரும் எழுந்து நின்று ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.